பின் சக்கரத்து நீலத் திருகு

"ஒரு பக்கம் துள்ளுது, ஒரு பக்கம் மரக்கட்டையாட்டம் கெடக்குது. ஒந்தம்பி இன்னாத்த முடுக்கனான்?"

"எந்தம்பிய இழுக்காதீங்க. நல்லா ஓடிக்கினு இருந்த வண்டியப் பிரிச்சுப் போட்டது யாரு?"

"அது வண்டியா? மாட்டு வண்டி."

"மாட்டு வண்டின்னாலும் எங்கம்மா வூடு வரைக்கும் போச்சு. இது தெருமுனை ஸ்பீடு பிரேக்கரையே தாண்ட மாட்டேங்குது."

எங்களுக்கும் இந்தப் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டிக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். பூச்சுகூட எங்கள் பக்கம் மட்டும்தான். காதைப் பொத்திக்கொண்டாலும் எல்லாம் கேட்கும். நான் பொத்திக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதுதான் முறை. அதற்காக மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் இலக்கியாவை சரத்குமாருக்குக் கொடுக்கலாமா, முதல் பெண்டாட்டி ரம்யா ஏன் போனாள். இந்த இரண்டும்தானே? இந்தப் பெரியநாயகியைக் கேட்டால் தெரியும் என்று மளிகைக்கடைக்காரர் அனுப்பியிருப்பார். சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்.

பையன் தங்கம். குடி கிடையாது. மக்காச்சோள விதைக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. கல்வராயன் மலை மேலே வெள்ளிமலை வரைக்கும் சுற்றுவான். அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு அந்தக் கார். மலை வளைவில் வண்டி சாய்கிறது, தாழ்த்திக் கட்டினால் ஒட்டிக்கொண்டு ஓடும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். உடனே கோயமுத்தூரில் யாரோ கழற்றி விற்ற காயில்ஓவர் நான்கை வரவழைத்துவிட்டான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த சாமான் அது. மேலே இருக்கும் வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், தாழும். அடியில் ஒரு சின்ன நீலக் குமிழ் இருக்கும். அதை இப்படித் திருகினால் ஷாக் இறுகும், அப்படித் திருகினால் தளரும். ஒவ்வொரு திருகலுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். அந்த வீடியோவை அவன் முழுச் சத்தத்தில் வைத்துத்தான் பார்ப்பான்.

ஷெட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். எல்லாம் தானே செய்ய வேண்டும். ரம்யாவின் தம்பி தமிழழகனை எலவனாசூர்கோட்டையிலிருந்து வரவழைத்து, இரண்டு பேருமாக வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஹாலோ பிளாக் கல்லில் நிறுத்தினார்கள். கல்லில் நிறுத்தாதே என்று வீடியோக்காரன் சொன்னதை நான் கேட்டேன், அவர்கள் கேட்கவில்லை. வண்டியின் பின்பாதி எங்கள் வாசலில் நின்றது. நான் கோலம் போடுகிற இடத்தின் மேலேயே.

"ஏம்ப்பா, கொஞ்சம் முன்னால தள்ளிக்கயேன்."

"ரெண்டே நாள் ஆன்ட்டி."

வாரக்கணக்கில் நின்றது. சக்கரத்தை மாட்டிய பிறகும் அங்கேயேதான் நிறுத்தினான். நான் தினமும் விடியற்காலையில் குனிந்து, பின் டயரைச் சுற்றி அரைக்கோலம் போட்டேன். ஒரு நாள் உட்கார்ந்து போட்டபோது சக்கரத்துக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிந்தது. என் கை மெலிந்த கை, வளையலோடு உள்ளே போகும். ஒரே ஒரு திருகல்தான் திருகினேன். 'டிக்' என்றது. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன்.

கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சாயங்காலம்தான் நான் முதலில் சொல்லிக் காட்டிய அந்தச் சண்டை. நான் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போதுகூடக் காதில் இயர்போன் இருக்கும். எங்கள் வீட்டில் சண்டை வந்து பல வருஷம் ஆகிறது. பேச்சு வந்தும்தான். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன் தம்பிக்காக எப்படி வாதாடினாள் தெரியுமா? அவன் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து ஒரு வார்த்தை வைப்பாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மறுநாள் அவன் டயரில் காற்றை மாற்றினான். அடுத்த வாரம் உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோய் வீல் அலைன்மென்ட் பார்த்தான். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வந்து கழற்றினான், மாட்டினான், ஸ்பேனரைத் தரையில் அடித்தான். குமிழை மட்டும் தொட்டே பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் வைத்தது அவன்தானே. தான் எண்ணியதை ஆம்பிளை எங்கே மறுபடி எண்ணப் போகிறான்? தமிழழகனைத்தான் பிடித்தான்.

"மச்சான், நீ மாட்டன பக்கந்தான் ஒதைக்குது."

"மாமா, நீங்க சொன்னாப்புலதான முடுக்கனேன். வேணும்னா நீங்களே பண்ணிக்குங்க."

தம்பி பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரச் சண்டை. அது அடங்குகிற மாதிரி தெரிந்தால் நான் காலையில் இரண்டு டிக் வைப்பேன். ரேடியோவில் சத்தம் குறைந்தால் கூட்டி வைப்போமே, அப்படி. ஒருநாள் ரம்யா சொன்னாள், "இந்த வண்டிய ஒருநாள் நானே ஒடச்சிப் போடறேன் பாருங்க." தெருவுக்கே கேட்டது. பிற்பாடு அவளுக்கு எமனாக வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இல்லை அது.

ஆடி மழையில் அவளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். "மேல ஒரு தடவ வந்து பாரு, அப்பத்தான் ஒனக்குப் புரியும்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனான். கோமுகி அணையைத் தாண்டி மலையேறுகிற வளைவில் பின்பக்கம் வழுக்கிக் கட்டைச் சுவரில் அடித்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோனேன். "ஆன்ட்டி, நீங்க மட்டும் இல்லைன்னா..." என்று ரம்யா அழுதாள். கட்டுப் போட்ட கையால் முடியாதென்று அவள் வாசலுக்கும் நானே கோலம் போட்டேன். அவளுடைய பொடியில்தான், ரோஸ் கலர் பொடி, அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. காலையில் ஜன்னலிலிருந்து டப்பாவை எடுத்து, போட்டு முடித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவேன். சரத் எழுந்திருக்கும்போது வெயில் ஏறியிருக்கும்.

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அவன் அவளுக்கு ஊட்டிவிடுகிறான். தலை பின்னிவிடத் தெரியாமல் பின்னி, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். தமிழழகனிடம் போனில் மன்னிப்புக் கேட்கிறான். எல்லாம் ரகசியக் குரலில். சுவரில் காதை வைத்தால் மிக்சி ஓடுவதுதான் கேட்கிறது. எங்கள் வீட்டுக்காரர் இயர்போனோடு படுத்திருக்கிறார். இரண்டு வீடும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. மூச்சு முட்டியது எனக்கு.

அவன் பொறுமையாக எல்லாவற்றையும் சரிபார்த்து, முதல்முறையாகக் குமிழையும் எண்ணி, கணக்கு மாறியிருந்ததை விபத்தில் ஆனதென்று நினைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்தான். "இத்தோட சரி ரம்யா. இனிமே தொட மாட்டேன்" என்றான்.

மறுநாள் காலை அவள் வாசல் கோலத்தை முடித்துவிட்டு, அந்தக் கையாலேயே திருகினேன். இந்தமுறை முட்டுகிற வரைக்கும்.

பொடி ஒட்டியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. வண்டி மறுபடியும் துள்ளியதும் அவன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். நீலக் குமிழில் ரோஸ் விரல்தடம். ரம்யாவுக்குக் கைக்கட்டுப் பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"இன்னாடி இது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் வாசலுக்கே போவல. ஆன்ட்டிதான் கோலம் போடறாங்க."

"ரசம் வச்சிக் குடுத்த மனுஷி மேல பழி போடறியா? ஒடைப்பேன் ஒடைப்பேன்னு கத்துனது யாரு? மலையில நாம செத்திருப்போம்டி."

"நான்தான அந்த வண்டியில ஒக்காந்திருந்தேன். என் கைதான ஒடஞ்சிது. நானே திருகிட்டு நானே போயி ஒக்காருவனா?"

நல்ல கேள்வி. நான் அவனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பேன். அவன் நிற்கவில்லை, கதவைத் தட்டிக்கொண்டு இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றான். பின்னாலேயே ரம்யா.

"ஆன்ட்டி, எங்க வாசல்ல நீங்கதான் கோலம் போடறீங்களா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தெல்லாம் பார்க்கவில்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்கிற நிம்மதியோடு பார்த்தாள்.

"கட்டு இருந்த வரைக்கும் போட்டுக் குடுத்தேன்ப்பா. பாவம், கஷ்டப்பட்டாளே."

இதில் பொய் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். கட்டு இருந்த வரைக்கும் போட்டேன். கட்டுப் பிரித்த பிறகும் போட்டேன்; அதை அவன் கேட்கவில்லை. ரோஸ் பொடி யாருடையது என்றும் கேட்டான். என்னிடம் அது கிடையாதென்று சொன்னேன். அதுவும் நிஜம். ரம்யா என்னையே பார்த்தாள். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். புரிந்ததை யாரிடம் போய்ச் சொல்வாள்? ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் கார் சக்கரத்துக்கு அடியில் கை விட்டு எதையோ திருகுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அன்றைக்குப் போட்ட சண்டைதான் கடைசி. நான் கேட்டதிலேயே பெரியதும் அதுதான். முடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

அப்புறம் ஊரில் அவனைச் சந்தேகப் பிசாசு என்றார்கள். அந்தப் பேச்சு எங்கே தொடங்கியதென்று எனக்குத் தெரியும், நான்தான் தொடங்கினேன். நாலு பேர் கேட்கும்போது எதையாவது சொல்லத்தானே வேண்டும். ஆனால் அதையே காரணம் சொல்லி இரண்டு இடத்தில் அவனுக்குப் பெண் இல்லை என்றுவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் முழுவதையும் சொல்கிறேன். குற்றம் அவன்மேல் இல்லை, அந்தப் பெண்மேலும் இல்லை. திருகியது நான். ஒவ்வொரு முறையும் நான்தான்.

ரம்யாவுக்குப் போன தை மாதம் மறுகல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஓசூர்ப் பக்கம், சொந்தமாக வண்டி கிடையாதாம். இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள். தமிழழகன் வேலைக்கென்று திருப்பூர் போனவன் திரும்பவில்லை. சரத் அந்தக் காயில்ஓவரைக் கழற்றி விற்றுவிட்டுப் பழைய ஷாக்கையே மாட்டிக்கொண்டான். வேலைக்குப் போகிறான், வருகிறான், விளக்கை அணைக்கிறான். இப்போது பாருங்கள், அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கிறதா? குக்கர் விசில்கூட வராது. ஒரு மனுஷி எத்தனை நாள் இப்படி இருப்பாள்?

அதற்குள் எழுந்துவிட்டீர்களே. காபியைத் தொடவே இல்லை. இருக்கட்டும், நல்ல முடிவாகச் சொல்லி அனுப்புங்கள். இலக்கியாவிடம் நான் சொன்னதாக ஒன்று மட்டும் சொல்லுங்கள். வந்த புதிதில் காலையில் எழுந்து கோலத்துக்கென்று அவள் சிரமப்பட வேண்டாம். இரண்டு வாசலுக்கும் நானே போட்டுவிடுகிறேன்.