டயாலிசிஸ் வண்டி ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதமானது குறித்து

என் பெயர், வயது ஐம்பத்து நான்கு, முகவரி ஆகியவை நேற்று நான் கொடுத்த புகாரில் உள்ளபடியே சரி. வீட்டில் தையல் வேலை செய்து வருகிறேன். என் கணவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று புகார் கொடுத்ததும் நான்தான், இன்று அதைத் திருத்திச் சொல்ல வந்திருப்பதும் நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. என்னைத் தூண்டிவிட ஆள் தேவையில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

என் கணவருக்கு நான்கு வருடங்களாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. எங்கள் பகுதி மருத்துவ அறக்கட்டளை வாரம் மூன்று நாள் அவருக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்து, வாசலிலிருந்து கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடவும் வண்டி அனுப்பி வருகிறது. அந்த உதவி இல்லையென்றால் அவர் இன்று இல்லை. அதே வண்டியில் மொத்தம் ஆறு நோயாளிகள் போய்வருகிறார்கள். டிரைவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். நோயாளிகள் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால், எத்தனை வெயிலானாலும் கடைசி ஆள் இறங்கும்வரை அவர் பாட்டிலைத் தொடமாட்டார். இதை நேற்று நான் சொல்லவில்லை.

நேற்று வழக்கம்போல் காலை ஆறு மணிக்கு என் கணவர் வண்டியில் ஏறிப் போனார். பதினொன்றரைக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு மணிக்கு அவர் போனுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தார். டிரைவர் எடுக்கவில்லை. டயாலிசிஸ் மையத்தில் எல்லோரும் எப்போதோ கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். அறக்கட்டளைச் செயலாளர் அம்மா, கொஞ்சம் பொறுங்கள், விசாரிக்கிறேன் என்றார். பொறுக்கிற குணம் எனக்கு இல்லை. அதன் பிறகு மூன்று தெரு நடந்து இந்த ஸ்டேஷனுக்கு வந்து, டிரைவர் நேற்று வண்டியில் வந்த ஐந்து நோயாளிகளையும் கடத்திக்கொண்டு போய்விட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். கடத்தல் என்ற சொல் முழுக்க என்னுடையது. பயத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன்.

மற்ற நால்வரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, பகல் ஒன்று பத்துக்கு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. என் கணவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று, அந்த நேரத்தில் அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. என் புகாரின் பேரில் வந்து காத்திருந்த காவலர் டிரைவரின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். புகார் கொடுத்தது நான்தான் என்று டிரைவருக்குச் சொல்லப்பட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, அண்ணன் இன்னும் மதிய மாத்திரை போடல, மொதல்ல அதக் குடுங்க" என்றார்.

அதன் பிறகு மாத்திரை கொடுத்துவிட்டு என் கணவரை விசாரித்தேன். ஆறு பேரில் ஒருவரான முடிதிருத்துபவருக்கு, அவர் மனைவி கொடுக்கும் சிறுநீரகத்தை வைக்க நேற்று பிற்பகல் பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. உள்ளே போகுமுன் அவரைப் பார்க்க வேண்டும் என்று மற்ற ஐந்து பேரும் வண்டியிலேயே அடம்பிடித்திருக்கிறார்கள். வீடும் மையமும் தவிர வண்டி வேறெங்கும் போகக்கூடாது என்ற விதியை டிரைவர் மூன்று முறை படித்துக் காட்டியிருக்கிறார். போகாவிட்டால் யாரும் இறங்கமாட்டோம் என்று முதலில் சொன்னது என் கணவர். எனக்குச் சொல்லாமல் போனை அணைத்ததும் அவர்தான், சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரிந்து. மருத்துவமனையில் ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். முடிதிருத்துபவர் பயந்து அழுதிருக்கிறார். என் கணவர் அவரிடம், "டேய், இனிமே எங்க வண்டியில ஒன் மூஞ்சியப் பாக்கவே கூடாது, சொல்லிட்டேன்" என்றாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக இன்று காலை தகவல் வந்தது.

டிரைவரை நேற்று மாலைவரை இங்கே உட்கார வைத்து அனுப்பியதாக அறிகிறேன். புகார் நிலுவையில் உள்ளவரை அவரை வேலையில் வைக்க முடியாது, நாளைக்கு வேறு டிரைவரை அனுப்புகிறோம் என்று செயலாளர் அம்மா தெரிவித்தார். அந்த அம்மா மேல் தவறில்லை, இத்தனை பேருக்கு உயிர் கொடுக்கிறவர் விதியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வேறு டிரைவர் வந்தால் ஏறமாட்டோம் என்று ஐந்து பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என் கணவரிடம் கெஞ்சினேன், திட்டினேன், அசையவில்லை. டயாலிசிஸ் இல்லாமல் அவர் மூன்று நாளுக்கு மேல் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் ஏறவில்லையென்றால் அதற்குக் காரணம் நோய் அல்ல, நான் எழுதிய ஒரு சொல்.

ஆகவே யாரும் யாரையும் கடத்தவில்லை என்று பதிவு செய்து, என் புகாரை ரத்து செய்து, அதன் நகலை இன்று மாலைக்குள் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டென்றால் என் மேல் எழுதிக்கொள்ளலாம். நாளை காலை ஆறு மணிக்கு அந்தத் தம்பிதான் வண்டி எடுத்து வர வேண்டும். என் கணவரை ஏற்றிவிட்டு, நான் கையைக் கூப்பிக்கொண்டு அந்தத் தம்பி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

நான் சொன்னதை எழுதியபடி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நேற்று சொன்னது பயத்தில் சொன்னது. இன்று சொன்னது அத்தனையும் உண்மை.

கையெழுத்து
(புகார்தாரர்)