பூவா, பூஞ்சணமா

பைப் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் இரண்டு தீக்குச்சி செலவழிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் குச்சியில் புகையிலையின் மேல்பரப்பு மட்டும் கருகி, நெளிந்து, உப்பிக்கொண்டு மேலே வரும். அதை மெல்ல அழுத்திச் சமப்படுத்திவிட்டு இரண்டாவது குச்சியைக் கிழித்தால்தான் உள்ளே கங்கு பிடிக்கும். முதலாவது பொய்த்தீ, இரண்டாவது மெய்த்தீ என்று எங்கள் கடையில் சொல்வோம். அந்தப் பெரியவர் வீட்டில் ஒரே ஒரு குச்சிதான் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று நேற்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும், ஐயா. தொழில் பழக்கம்.

கேட்டதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். என் வாக்குமூலத்தை எழுதுகிறவரை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். வேகமாக எழுதினால் ஒரு சொல் மாறிப்போகும். ஒரு சொல்லில் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். என் தம்பி போனதே அப்படித்தான்.

இருபத்தாறு வருடமாக அந்தக் கடையின் பின்னறையில் புகையிலை கலப்பது என் வேலை. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், நடுவில் பச்சைத் துணி விரித்த நீள மேசை, சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் அந்த மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். பல் டாக்டர் ஒருவர். ஊராருடைய பல் கறையைச் சுரண்டிவிட்டுத் தன் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ள வருகிறவர். இன்னொருவர் கப்பலில் இன்ஜினைப் பார்த்து ஓய்வு பெற்றவர், கப்பல்காரர் என்போம். மூன்றாவது ஆள் மூக்கு. நாலாவது நான்.

மூக்கு என்பது பட்டப்பெயர். அவருக்கே அதில் பெருமை. புதிதாக ஒரு கலவை வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெடுநேரம் தேய்ப்பார். பிறகுதான் முகர்ந்து பார்ப்பார். பிறகு தீர்ப்பு. அவர் நல்லது என்றால் அந்த டின் வாரத்துக்குள் விற்றுத் தீரும். வேண்டாம் என்றால் முதலாளி அதை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவார். அந்தத் தேய்ப்பு வெறும் பந்தா என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் தம்பியும் அங்கே வேலை பார்த்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், கைராசிக்காரன். சொந்தமாக ஒரு கலவை செய்து, நாற்பது டின்னில் அடைத்து, மூன்று வருடம் ஊறவைத்தான். கடையின் பெயரிலேயே வரப்போகும் முதல் கலவை. அவன் அதற்கு இரண்டு மாதம் தூங்காமல் பெயர் யோசித்தான். திறக்கும் நாளில் மூடியை எடுத்தால், இலை மேல் வெள்ளையாகப் பொடி தூவியது போல ஏதோ இருந்தது.

இங்கே ஒன்றை உங்களுக்கு விளக்க வேண்டும். இலை நன்றாகப் பழுத்தால் அதில் இருக்கும் சர்க்கரை வெளியே வந்து வெள்ளையாகப் படியும். அதைப் பூ என்போம். பூத்த இலை கிடைப்பது அதிர்ஷ்டம். ஈரம் சேர்ந்து இலை கெட்டாலும் வெள்ளையாகத்தான் படியும். அது பூஞ்சணம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனக்கே சில சமயம் குழம்பும். தம்பிதான் சொல்லிக்கொடுத்தான்: "இதுக்கு மூக்கே வேண்டாம் அண்ணே, விரல் போதும். பூவுன்னா நறநறன்னு உதிர்ந்துடும். பூஞ்சணம்னா இழுவிக்கிட்டு ஒட்டும்."

அன்று அவன் முகமெல்லாம் சிரிப்பு. "பூத்துடுச்சு சார்" என்று மூக்கிடம் டின்னை நீட்டினான்.

மூக்கு எடுத்தார். தேய்த்தார். முகர்ந்தார். "பூ இல்லப்பா. பூஞ்சணம்" என்றார்.

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. முதலாளி நாற்பது டின்னையும் குப்பையில் கொட்டச் சொன்னார். தம்பியை வேலையை விட்டு நிறுத்தினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சந்தில் இருக்கிற தையல்காரர் முதல் சைக்கிள் கடைக்காரர் வரை அவனைப் பார்த்தாலே "என்னப்பா பூஞ்சணம், எங்க கிளம்பிட்டே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேடிக்கைக்குத்தான் கேட்டார்கள். மூன்றாவது மாதம், பகல் பதினொரு மணிக்கு, ரயில் பாலத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். சின்ன வயதிலிருந்தே ஒழுங்கானவன்.

குப்பையிலிருந்து இரண்டு டின்னை நான் எடுத்து வைத்திருந்தேன், திறக்காதவை. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் மூக்குக்கு என் கையால்தான் புகையிலை கலந்து கொடுத்தேன். எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு அவரிடமிருந்து ஒரு சொல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்னைக்கு நான் சொன்னது தப்பு என்று அவர் வாயால் வர வேண்டும். அதற்கு டின் நன்றாகப் பழுக்க வேண்டும். காத்திருந்தேன். வெளியே யாருக்கும் தெரியாது. கலவை செய்கிறவனுக்குப் பொறுமை ஜாஸ்தி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் டின்னைத் திறந்தேன். யாருடையது என்று சொல்லவில்லை. நானே மூன்று பேருடைய பைப்பையும் அடைத்துக் கையில் கொடுத்தேன். மூக்கு வழக்கம்போல இலையைக் கேட்டார். "இன்னைக்கு விரல் வேண்டாம் சார், வாய் போதும்" என்றேன்.

பொய்த்தீ, மெய்த்தீ எல்லாம் ஆனது. பல் டாக்டர் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, அவசரமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று பைப்பைத் தட்டிக் கொட்டிவிட்டு எழுந்தார். மனசு நெகிழ்ந்துபோனால் சிலருக்கு உட்கார முடியாது. கப்பல்காரர் இருமினார். "பழசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று தண்ணீர் கேட்டார். மூக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பேசினார். "உலர்ந்த திராட்சை. அடியில பழைய தோல் வாசனை. கடைசியில ஒரு இனிப்பு, பாத்தீங்களா? இவ்வளவு பழுத்த இலையை நான் பிடிச்சதே இல்ல."

பன்னிரண்டு வருடமாகக் கேட்க நினைத்தது காதில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். "இது என் தம்பி டின் சார்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "அன்னைக்கு நான் பார்த்த டின் வேற. அது பூஞ்சணம்தான்" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. அவர் பைப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவருடைய கம்பளிக் கோட்டின் ஓரத்தில் விழுந்திருந்தது. கம்பளி கருகினால் என்ன நாற்றம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். முன்கடையிலிருந்து முதலாளி "என்னய்யா எரியுது?" என்று கத்தினார். எழுந்து கதவுவரை போயிருந்த பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கோட்டுக்குச் சொந்தக்காரர் மட்டும் ஒன்றும் அறியாமல் திராட்சை வாசனையைப் பற்றி மேலும் விளக்கிக்கொண்டிருந்தார். தொடையில் சுட்ட பிறகுதான் துள்ளி எழுந்தார்.

மறுநாள் கோட்டை விசாரிக்கிற சாக்கில் அதே சந்தில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். சின்ன வயதிலிருந்தே என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு டீ கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே. அப்பாவுக்கு வாசனையே தெரியாது. ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. நான் அப்போ பத்தாவது படிச்சேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு. பால் கெட்டிருக்கான்னு நான்தான் மோந்து பாக்கணும். கேஸ் மூடியிருக்கான்னு பாக்காம வேலைக்குக் கிளம்ப மாட்டேன். வேலையில உட்கார்ந்தாலும் நினைப்பு இங்கதான். புதன்கிழமைன்னா பரவாயில்ல, அரை நாள்."

பதினைந்து வருடம். என் தம்பியின் இலையைக் கெட்டது என்று சொன்னபோது அந்த மனிதருக்கு மூக்கே இல்லை. இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு ஒரு உயிரைக் குப்பையில் கொட்டியிருக்கிறார். நான் டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். அவளிடம், கவலைப்படாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை, இன்றுவரை.

எங்கள் கடைக்கு வார விடுமுறை புதன்கிழமை. அதனால்தான் புதன்கிழமை போனேன், வேறு காரணம் இல்லை. அவள் கிளம்பிப் போகும்வரை தையல்காரர் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பிறகு பதினொரு மணிக்கு மேல் போய், புதுக் கலவை கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். மூக்கு சந்தோஷப்பட்டார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். குடித்தேன். காற்று ஜாஸ்தியாக இருந்ததால் ஜன்னலைச் சாத்தினேன். கேஸ் குமிழைத் திருப்பினேன். இதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதச் சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. அதன் பிறகு கூடத்துக்கு வந்து அவருடைய பைப்பை அடைத்துக் கொடுத்து, இலை கொஞ்சம் காய வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துப் பற்றவையுங்கள் என்றேன்.

கிளம்பும்போது நியாயமாக நடந்துகொள்ள நினைத்தேன். அதற்குள் எனக்கே லேசாகத் தலை சுற்றியது. வாசலில் நின்று திரும்பி, "சார், ஏதோ வாடை வர்ற மாதிரி இல்ல?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரியலப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளே போய் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, அவர் காலில் விழுந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "நீ கொண்டுவந்த இலைதான். அருமையான வாசனை" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நான் அவரைத் தொடவில்லை. குச்சியைக் கிழித்தது அவர் கை.

மகளைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவளுடைய மூக்கு நன்றாக வேலை செய்யும். தெருமுனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தையல்காரர் சொன்னார். பையைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, பத்தவைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாளாம். கதவைத் திறந்த நேரமும் அவர் குச்சியைக் கிழித்த நேரமும் ஒன்றாகிவிட்டது. அப்பா அங்கேயே முடிந்துபோனார், அவள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டாவது நாள் நான் பார்க்கப் போனேன். கட்டுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது. "நான்தான் அண்ணே கேஸை மூட மறந்துட்டேன்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. உடம்பு சரியில்லாதவர்களிடம் வாதாடக் கூடாது.

புதன்கிழமை அரை நாள் என்று அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாளா என்று கேட்டீர்கள். சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஆனால் என் புத்தி அப்போது பதினைந்து வருடக் கணக்கில் இருந்தது. அவள் சாவை என் தலையில் எழுதாதீர்கள், அது அவளுடைய அப்பாவின் பொய்யால் வந்தது. உலகத்தில் இரண்டு பேர்தான் என்னை அண்ணே என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே அந்த மனிதரால் போனார்கள். அதற்குத்தான் நான் பதில் கேட்டேன்.

என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த அந்த இரண்டாவது டின்னை இப்போது என் எதிரிலேயே திறந்தது நல்லதாகப் போயிற்று. பார்த்தீர்களா, மேலே எவ்வளவு வெள்ளை. பூத்துக் குலுங்குகிறது. இதை என் தம்பி இருந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற கான்ஸ்டபிள் எதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று தெரியவில்லை. இந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம்.

நான் சொன்னதை வைத்து நீங்களே ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறீர்கள். விரலை விளக்குக்கு நேராக என் முகத்தருகே காட்டுகிறீர்கள். ஒன்றும் உதிரவில்லை. சாம்பல் நிறத்தில் பசைபோல இழுவிக்கொண்டு ஒட்டியிருக்கிறது.

உங்கள் கை ஈரமாக இருந்திருக்கும், ஐயா. துடைத்துவிட்டு இன்னொரு தடவை தேய்த்துப் பாருங்கள்.