ராணி இன்னும் சாகவில்லை

டில்லி மெட்ரோ நெரிசலில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். அதில் ஒருவன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “எகிப்து ராணி இன்னும் சாகலை அண்ணி” என்றான்.

“எந்த ராணி?”

“இணையக் கலைக்களஞ்சியத்துல அண்ணன் எழுதிட்டிருந்தாரே, அவதான். முடிசூட்டினதோட கட்டுரை நிக்குது.”

“நீங்க முடிச்சிடுங்களேன்.”

“மேலே அறிவிப்பு போட்டிருக்கார். ‘எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரும் தொடாதீர்கள், வந்துவிடுகிறேன்’னு. ஒரு வாரம் ஆள் வரலைன்னா அதை எடுத்துடறது எங்க வழக்கம். அண்ணன் தவறி ஒரு மாசமாச்சு, யாருக்கும் மனசு வரலை. நீங்க சொன்னா எடுத்துடறேன்.”

ராஜீவ் சௌக்கில் கூட்டம் இடித்துக்கொண்டு இறங்கியது. அவள் கம்பியை விடவில்லை.

“வேண்டாம் தம்பி. அன்னிக்கு ஆபீசுக்கு ஜல்தியா கிளம்பினவர், என்கிட்ட போயிட்டு வரேன்னுகூடச் சொல்லலை. அங்கயாவது வரேன்னு இருக்கட்டும்.”