ஊதாத சங்குக்காக மலை ஏறியவர்

மலையகத்து மழையோடு மல்லுக்கு நின்ற மனமே! மறைக்கத் தெரியாத மாண்பே! பதினெட்டு ஆண்டுகள் எங்களோடு உழைத்து, எங்களுக்கு அண்ணனாய் நின்று, இன்று ஓய்வு பெறும் எங்கள் ஸனூஸ் நானா அவர்களே! வணக்கமும் ஸலாமும்.

புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சபையோருக்கு ஒரு கதையாகவே சொல்கிறோம். தாங்கள் அமர்ந்திருந்தால் போதும்.

சபையோரே! மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் பெட்டிகளுக்குப் பதுளையில் நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். மழை அளவு மீறினால் பெட்டி சங்கு ஊத வேண்டும். ஒரே நிரலிலிருந்து இரண்டு வடிவங்கள் பிறக்கும்: பிழை தேட நாங்கள் வைத்துக்கொள்ளும் டீபக், மலைக்கு அனுப்பும் ரிலீஸ். எதை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பைச் சீமேக் என்னும் கருவிக்கு எழுதிக் கொடுத்து, இரண்டையும் கலந்துவிடாமல் காத்தவர் நானா.

டீபக்கில் மட்டும் இயங்கி, ரிலீஸ் ஆகும்போது தானே உதிர்ந்துவிடும் சோதனை வரிகள் உண்டு. எங்களில் ஒருவர், மழைமானியைப் படிக்கும் கட்டளையையே அப்படியொரு வரிக்குள் வைத்துவிட்டார். நாங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததெல்லாம் டீபக்கில்தான், அது அலறியது. மலைக்குப் போன பன்னிரண்டு பெட்டிகளிலும் அந்த வரி இல்லை. பொத்தானை அழுத்தினால் ஊதின. மழையை மட்டும் அவை அளக்கவேயில்லை.

கார்த்திகை மழையில், விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில், பசறைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் மீது மண் இறங்கியது. கணபதி என்ற தொழிலாளி அதற்குள் புதைந்து போனார்.

செய்தி கேட்டதும், அன்று காலையே நானா இரண்டு வடிவங்களையும் ஒரே மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். ஒன்று அலறியது. மற்றது ஊமையாய் இருந்தது. வெளியே மழை விடவில்லை. இன்னும் பதினொரு ஊமைப் பெட்டிகளை நம்பிப் பதினொரு லயங்கள் இருந்தன.

"மண்ணு சரிஞ்சது மழையால நானா. நம்ம பெட்டியாலன்னு யாரு சொன்னா? வாய மூடிக்கிட்டு இருங்க, ஒவ்வொண்ணா மாத்திரலாம்" என்றார் முகாமையாளர் அஜந்தன்.

"மாத்த பத்து நாள் வேணும் தம்பி. மழை பத்து நாள் பொறுக்குமா?"

"ஊரே நம்ம மேல வந்து விழும்!"

"விழட்டும். மண்ணு விழுறத விட அது மேல்."

தோட்டங்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பெட்டியை நம்பாதீர்கள், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று லயம் லயமாகச் சொன்னார். "பெட்டி வச்சப்ப நம்புன்னீங்க, இப்ப நம்பாதன்றீங்க. பைத்தியமா ஒங்களுக்கு?" என்று ஏசினார்கள். ஏசிக்கொண்டே ஏறினார்கள். அந்த மழையில் வேறெந்த லயமும் சரியவில்லை. சனங்களை வீணாக அலையவிட்டவர் என்ற பெயர்தான் நானாவுக்கு மிஞ்சியது.

கடைசியாகப் பசறையில் மரண வீட்டுக்குப் போனார். கணபதியின் மனைவி கருப்பம்மா கேட்டார்:

"பெட்டி ஊதலியேன்னுதானே எங்காளு உள்ள இருந்திச்சி?"

"ஆமாம்மா. பெட்டி பழுது. அனுப்பினது நான்."

"பழுதாக்குனது யாரு?"

"அனுப்பினது நான்ம்மா."

கருப்பம்மா உள்ளே போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து நீட்டினார். "தலயத் தொடைங்க. தடுமன் புடிச்சிக்கும்." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் துயரத்திலும் ஒருவரின் நனைந்த தலை அவர் கண்ணில் பட்டது. இத்தனை சிறிய இரக்கங்களின் மேல்தான் உலகம் நிற்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

நானா அவர்களே! டீபக்கா ரிலீஸா என்று பெயரிடாத கட்டுமானத்தைச் சீமேக் நிறுத்திவிடும்படியும், ரிலீஸில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்காத எதுவும் மலை ஏறாதபடியும் தாங்கள் பின்னர் எழுதிய குறிப்பு இன்றும் எங்களைக் காக்கிறது. ஆனால் அந்த வரி யாருடையது என்பதை ஆறு ஆண்டுகளாகத் தாங்கள் எவரிடமும் சொல்லவில்லை. கருப்பம்மா அவர்களை இன்று அழைத்தது நாங்கள்தான், முன்வரிசையில் இருக்கிறார். தாங்கள் தனியே சுமந்ததை இனி நாங்களும் சுமக்க வேண்டும்.

எல்லாம் வல்ல இறைவன் நோயற்ற நெடுநாள்களையும், அடைமழையிலும் கலையாத உறக்கத்தையும் தங்களுக்கு அருள்வானாக!

பதுளையிலிருந்து, தங்களோடு அன்று பஸ் ஏறாதவர்கள்:

வாய் மூடச் சொன்ன அஜந்தன்,
அதைக் கேட்டும் பேசாதிருந்த ஜுமானா,
அந்த வரியை எழுதியவளும், இம்மடலை இப்போது கருப்பம்மா அவர்கள் முன் நின்று வாசிப்பவளுமாகிய துஷாந்தினி.