சுவருக்கு வந்த நோவு

ராசிபுரம் பேருந்தில் என் முன்னிருக்கைப் பெண், பக்கத்திலிருந்த வயதான அம்மாளிடம் சொன்னாள்: "நோவு எம்புள்ளைக்கு இல்லீங்க, ஊட்டுச் செவுத்துக்கு."

"செவுத்துக்கா?"

"ஆமாங்க. பழைய வால்பேப்பர உரிச்சா, பூச்சும் கூடவே வந்துருச்சு. உள்ள பூரா கருப்பாப் பூசணம். பாத்ரூம் குழாய் கசிஞ்சிருக்குது. அந்தச் செவுத்தோரந்தான் புள்ள படுத்திருப்பா. ஆறு மாசமா இருமல், எந்த மருந்துக்கும் கேக்கலைங்க."

"அப்பறம்?"

"கொத்தனாரு குழாயச் சரிபண்ணி, பூச்சக் கொத்தியெடுத்து, நல்லாக் காயவிட்டுப் புதுசாப் பூசுனாருங்க. இருமல் கொறைஞ்சு கொறைஞ்சு நின்னேபோச்சு."

"இப்ப எப்படியிருக்கறா, சாமி?"

"பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கறாளுங்க. ராகம் வருதோ இல்லியோ, பாட்ட நிறுத்தாம முழுசாப் பாடறா."