அவனவன் வாசலுக்கு நேரே

சுவானா: அப்படி இல்ல மூப்பரே. தட்டையான முகம் கீழ வரணும். மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அது மண்ணுக்குள்ள போகணும்.

பியாக்கா: வெளிய நீட்டினா என்ன?

சுவானா: நாளைக்குச் சபைக்கு வர்றவங்க முட்டியில இடிக்கும். அப்புறம் உங்க பிரசங்கத்தை மறந்துட்டு இந்தக் கல்லைத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க.

பியாக்கா: உன் வாய் மட்டும் குறையல... சரி, இப்படியா?

சுவானா: அப்படித்தான். கையை எடுங்க, நசுங்கிடும். நாளைக்கு வேதம் பிடிக்கிற கை.

பியாக்கா: இன்னும் எவ்வளவு பாக்கி?

சுவானா: ஆறு அடி. ரெண்டு வரிசைக் கல்லு. இருட்டறதுக்குள்ள முடிஞ்சிடும்... நீங்க உதவி பண்ணாம இருந்தா.

பியாக்கா: நான் சும்மா வரல சுவானா. ஒரு விஷயம்...

சுவானா: தெரியும். சனிக்கிழமை மத்தியானம் கோட்டைக் கழட்டி என் வேலியில மாட்டிட்டு மூப்பர் கல்லு தூக்க வர்றார்னா, விஷயம் இல்லாமயா. அது அப்புறம். பிரசங்கம் தயாரா?

பியாக்கா: தயார்தான். சபை மதில் பிரதிஷ்டைக்கு நீயே பேசுன்னு போதகர் சொல்லிட்டார். வேதத்துல நெகேமியாவை எடுத்திருக்கேன்.

சுவானா: மதில்னா நெகேமியாதான். சொல்லுங்க, கேட்டுக்கிட்டே வேலை பார்க்கிறேன். நாளைக்கு என் வாசப்படியில உட்கார்ந்து ஒலிபெருக்கியில கேட்கணும். காத்து அடிச்சா பாதி அந்த மலைக்குப் போயிடுது.

பியாக்கா: எருசலேம் மதில் இடிஞ்சு கிடக்கு. வாசக் கதவெல்லாம் எரிஞ்சு கரியாக் கிடக்கு. நெகேமியா அரண்மனை வேலையை விட்டுட்டு வர்றான். வந்து...

சுவானா: அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே.

பியாக்கா: எதுக்கு முன்னாடி?

சுவானா: அப்புறம் சொல்றேன். அந்தச் சின்னக் கல்லை எடுங்க... அது இல்ல, ஆப்பு மாதிரி இருக்கே, அது. ம். சொல்லுங்க.

பியாக்கா: வந்து ஜனங்களைக் கூப்பிடறான். அவனவன் தன் வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிற இடிசலை அவனவன் எடுத்துக் கட்டறான். சுத்தி இருக்கிறவங்க கேலி பண்றாங்க. ஒரு நரி ஏறினாலே இந்த மதில் விழுந்திடும்ங்கறாங்க...

சுவானா: நம்ம மதில்ல நரி ஏறல. நாலு நாள் மழைதான்.

பியாக்கா: மலையே சரிஞ்சா மதில் என்ன பண்ணும்?

சுவானா: மலை சரியல. மதில்தான் சரிஞ்சுது. நான் கட்டினப்ப அடியில ஒன்பது ஓட்டை விட்டிருந்தேன், உள்ள ஊறற தண்ணி வெளிய வர்றதுக்கு. ஞாபகம் இருக்கா?

பியாக்கா: ...இருக்கு.

சுவானா: பாசி பிடிச்சு ஒழுகுது, பார்க்க அசிங்கமா இருக்குன்னு சிமெண்ட் வச்சுப் பூசச் சொன்னது யாரு?

பியாக்கா: கமிட்டி.

சுவானா: கமிட்டியில யாரு?

பியாக்கா: நான்தான்... வெள்ளையடிச்சா நல்லாயிருக்கும்னு நினைச்சேன்.

சுவானா: நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி போக வழியில்லன்னா அது உள்ளயே நிக்கும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. திடீர்னு ஒரு நாள் மொத்தமாத் தள்ளிடும். இந்தத் தடவை பன்னெண்டு ஓட்டை விட்டிருக்கேன். யாரும் பூசக் கூடாதுன்னு நாளைக்கு மைக்குல சொல்லிடுங்க.

பியாக்கா: சொல்றேன்.

சுவானா: அப்படியே இன்னொண்ணு. எந்த வீட்டுக்கு எத்தனை அடின்னு பட்டியல் எழுதி ஒட்டினீங்களே. ஸைரா வீட்டுக்கு எட்டு அடி, வாத்தியார் வீட்டுக்கு ஏழு அடி. என் வாசலுக்கு நேரே இருக்கிற ஆறு அடிக்கு என்ன எழுதியிருக்கீங்க?

பியாக்கா: அது... ஒழுங்கு நடவடிக்கைன்னு சபைக்கு வெளிய நிறுத்தினவங்க பேரைப் பட்டியல்ல போடறது வழக்கமில்ல. உனக்குத் தெரியாததா.

சுவானா: "மற்றவர்கள்"னு எழுதியிருக்கு. மூணு நாளா விடியக்காலையில வந்து பார்க்கிறேன். அந்த மற்றவர்கள் ஒருத்தரையும் காணோம். கடைசியில பார்த்தா நான் ஒருத்தன்தான் மற்றவர்கள்.

பியாக்கா: சிரிக்க வைக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

தங்கி: யாரு சிரிக்கிறது? மூப்பரா? கல்லைப் போட்டுட்டுச் சிரிக்கிறாரா, கல்லு மேல விழுந்து அழறாரா?

சுவானா: வா தங்கி. அரிசிக்கா? உள்ள அடுப்புக்குப் பக்கத்துல தகர டப்பா இருக்கு, எடுத்துக்க.

தங்கி: எடுத்துட்டேன். உன்னைக் கேட்டுட்டா எடுப்பேன்? மூப்பரே, கேளுங்க. நான் இந்தத் தெருவுல பதினஞ்சு வீட்டுல பிடியரிசி வாங்கறேன். உலை வைக்கிறப்ப ஒரு பிடி சபைக்குன்னு எல்லா வீட்டுலயும்தான் எடுத்து வைக்கிறாங்க. இவன் வீட்டுல மட்டும் ஒரு ஆளு, ரெண்டு வீட்டு அரிசி. பிடியா அது, கரடிக் கை.

சுவானா: ரோசுங்கி கை சின்னது. அவ போனப்புறம் என் கையாலதானே எடுத்து வைக்கணும்.

தங்கி: பொண்டாட்டி போய் மூணு வருஷம், ஒரு வேளை தப்பல. சபைக்கு வெளிய நிறுத்தி ஒன்பது வருஷம், அப்பவும் தப்பல. உள்ள முன் வரிசையில உட்கார்ந்திருக்கிறவங்க வீட்டுல போய்ப் பாருங்க, டப்பா அடியில எறும்பு ஓடுது. யார் வீடுன்னு சொல்ல மாட்டேன்.

பியாக்கா: என் வீட்டைச் சொல்றியா?

தங்கி: நான் சொல்லல, நீங்களா சொல்லிக்கிட்டீங்க. நாளைக்கு நெகேமியாதானே? ஒருத்தன் தன் மகளுங்களோட சேர்ந்து மதில் கட்டினான்னு அதுல வருதே. போன தடவை அந்த இடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிட்டீங்க. இந்த மண்ணை எல்லாம் கூடையில சுமந்தது நாங்க. நாளைக்குப் புரட்டினா அங்கயே எந்திரிச்சுக் கேட்பேன்.

பியாக்கா: புரட்ட மாட்டேன் தங்கி.

தங்கி: சுவானா, திங்கக்கிழமை சூமோவுல இடம் சொல்லிட்டியா? முன் சீட்டு கேளு. உனக்குப் பின்னாடி உட்கார்ந்தா தலை சுத்தும்.

பியாக்கா: சூமோவா? எங்க போறான்?

தங்கி: உங்களுக்குத் தெரியாதா? மக ஐஸாலுக்கே வந்திடச் சொல்லிட்டா. வீட்டை ஸைராவுக்கு விட்டாச்சு. இனி நம்ம ஊருக்கு இவன் வர்றது ரோசுங்கி கல்லறைக்குப் பூ வைக்கத்தான்.

பியாக்கா: திங்கக்கிழமையா...

தங்கி: போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ சுவானா. அன்னிக்கு உன் மேசை மேல ஒரு போத்தல், ரெண்டு கிண்ணம் இருந்துச்சுன்னு கமிட்டிக்காரங்க சொன்னாங்க. ஒரு ஆளு குடிக்க எதுக்கு ரெண்டு கிண்ணம்? ஆம்பளைங்க ஒருத்தரும் கேட்கல. நாங்க அப்பவே கேட்டோம். ரெண்டாவது கிண்ணம் யாரோடது?

சுவானா: அரிசி நனையுது பாரு, தூத்தல் போடுது. கிளம்பு.

தங்கி: வாயைத் திறக்க மாட்டானே. மூப்பருக்கு என்ன, முகம் வெளுத்துப் போச்சு? கல்லு தூக்கிப் பழக்கமில்ல. உட்காருங்க, தண்ணி குடிங்க. நான் வர்றேன்.

சுவானா: ...போயிட்டா. மூப்பரே, கல்லைக் கீழ வைங்க. எவ்வளவு நேரம் நெஞ்சுல அணைச்சுக்கிட்டே நிப்பீங்க?

பியாக்கா: என்கிட்டச் சொல்லல நீ.

சுவானா: எதை?

பியாக்கா: போறதை.

சுவானா: சொல்லிட்டுப் போற அளவுக்கு நாம பேசிக்கிறது எங்க? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வருவீங்க. "சபை முன்னாடி எந்திரிச்சு நில்லு சுவானா, குடிச்சேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, திருவிருந்துல சேர்த்துக்கிறோம்"னு சொல்வீங்க. நான் மாட்டேன்னு சொல்வேன். நீங்க டீயைக் குடிச்சுட்டுப் போயிடுவீங்க.

பியாக்கா: இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன். போதகர் சொல்லி அனுப்பினார். நாளைக்குத் திருவிருந்து இருக்கு. மதிலைக் கட்டினதே நீதான், நீ மட்டும் வெளிய இருக்கிறது யாருக்கும் பொறுக்கல. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

சுவானா: அந்த ஒரு வார்த்தைதான் என்னால முடியாது. உங்களுக்குத் தெரியும்.

பியாக்கா: தெரியும்.

சுவானா: ஆசை இல்லாம இல்ல. ரோசுங்கி எட்டு வருஷம்... இல்ல, ஆறு வருஷம், தனியாப் போய் அந்த அப்பத்தை வாங்கிட்டு வந்தா. திரும்பி வந்து என் பக்கத்துல படியில உட்காருவா. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த மேசை முன்னாடி நிக்கணும்னு இருக்கு. ஐஸால்ல ஆயிரம் சபை இருக்கலாம். அவ நின்ன இடம் இங்கதான் இருக்கு.

பியாக்கா: அவளாவது உன்கிட்டக் கேட்டாளா, அந்தக் கிண்ணத்தைப் பத்தி?

சுவானா: அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போய்க் கழுவினா. திரும்பி வந்து என் தலையில கையை வச்சா. அவ்வளவுதான். சாகற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கல.

பியாக்கா: கழுவினாளா...

சுவானா: ம். மோந்து பார்த்திருப்பா.

பியாக்கா: சுவானா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தங்கி திங்கக்கிழமைன்னு சொன்னப்ப... தப்பிச்சோம்டான்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். ஆனா தோணுச்சு. வருஷா வருஷம் நீ மாட்டேன்னு சொல்றப்பெல்லாம் எனக்கு மூச்சு வந்துச்சு. அந்த மூச்சோடதான் போய் மேடையில நின்னு நிலைச்சு நில்லுங்கன்னு பிரசங்கம் பண்ணினேன்.

சுவானா: தெரியும்.

பியாக்கா: தெரியுமா?

சுவானா: மேடு ஏறிப் போறப்ப உங்க நடையைப் பார்ப்பேனே. வர்றப்ப எழுபது வயசு, போறப்ப நாப்பது.

பியாக்கா: ஏன்டா என்னை ஒரு வார்த்தை திட்டல?

சுவானா: உன் முவானாவைப் புதைச்சு ஆறு நாள்தான் ஆகியிருந்துச்சு. நாலு வயசுப் பிள்ளை. சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சவன் நான். உன்னை எப்படிடா திட்டறது?

பியாக்கா: ...டா போட்டுட்ட.

சுவானா: வாயில வந்திடுச்சு மூப்பரே.

பியாக்கா: மூப்பர்னு சொல்லாத. ஒன்பது வருஷமா நீ அந்த வார்த்தையைச் சொல்றப்பெல்லாம் எனக்குக் குத்துது.

சுவானா: குத்தணும்னுதான் சொன்னேன். கொஞ்சமாவது.

பியாக்கா: அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குன்னு சொன்னியே. நெகேமியா மதிலைப் பார்க்க வர்றதுக்கு முன்னாடி.

சுவானா: நீ எப்பப் பேசினாலும் ரெண்டாம் அதிகாரத்துல ஆரம்பிக்கிற. நாலு தடவை கேட்டிருக்கேன். முதல் அதிகாரத்தைத் தொடவே மாட்ட. அதுல அவன் இன்னும் ஒரு கல்லையும் தொடல. தூரத்துல இருக்கான். மதில் இடிஞ்ச சேதி வருது. உட்கார்ந்து அழறான், சாப்பிடாம கிடக்கான். அப்புறம் என்ன சொல்றான்?

பியாக்கா: ...நானும் என் தகப்பன் வீடும் பாவம் செஞ்சோம்னு சொல்றான்.

சுவானா: அவங்க செஞ்சாங்கன்னு சொல்லல. நானும்னு சொல்றான். அதுக்கப்புறம்தான் கல்லு, மண்ணு, கதவு எல்லாம்.

பியாக்கா: அவனவன் வாசலுக்கு நேரே இருக்கிற இடிசல்...

சுவானா: ம்.

பியாக்கா: இந்த ஆறு அடி உன் வாசலுக்கு நேரே இல்ல சுவானா. என் வாசலுக்கு நேரேதான் இருக்கு.

சுவானா: உன் வீடு அந்த முக்குல இருக்கு. தூத்தல்ல கண்ணு தெரியலயா?

பியாக்கா: விளையாடாத. நாளைக்கு நான் முதல் அதிகாரத்துல ஆரம்பிக்கிறேன்.

சுவானா: வேண்டாம்டா பியாக்கா. யோசிச்சுப் பாரு. மூப்பர் பதவி போயிடும். உன் பொண்டாட்டி தெருவுல தலைகுனிஞ்சு நடக்கணும். உன்னையும் வெளிய நிறுத்துவாங்க, அதுவும் இத்தனை வருஷம் மறைச்சதுக்கும் சேர்த்து.

பியாக்கா: நிறுத்தட்டும். உன் படியில எனக்கு இடம் இருக்குமா?

சுவானா: நான்தான் திங்கக்கிழமை போயிடறேனே. படி காலியாத்தான் கிடக்கும். காத்து அடிச்சா மட்டும் சரியாக் கேட்காது.

பியாக்கா: கேட்கிற வரைக்கும் கேட்கிறேன். ஆனா நாளைக்கு நீ படியில உட்காராத. உள்ள வா. கடைசி பெஞ்சுல உட்காரு.

சுவானா: உனக்கு வாய் வராது. நாக்கு ஒட்டிக்கும். ஒன்பது வருஷம் மேடையில பேசினவன்தான், ஆனா இது வேற.

பியாக்கா: அதனாலதான் இப்பவே சொல்லிப் பார்க்கணும்.

சுவானா: சரி. கல்லு மேல ஏறி நில்லு. இந்தா, இந்தக் கரண்டியை மைக்கா வச்சுக்க. நான்தான் சபை. சொல்லு.

பியாக்கா: சபையாரே... ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, என் பிள்ளையைப் புதைச்ச ஆறாம் நாள், ஒரு போத்தலைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு நான் சுவானா வீட்டுக்குப் போனேன். கமிட்டிக்காரங்க கதவைத் தட்டினாங்க. நான் பின்பக்கமா ஓடிப் பன்னிக்கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். போத்தல் யாரோடதுன்னு கேட்டாங்க. என் வீட்டுல இருக்கு, நானே பொறுப்புன்னு அவன் சொன்னான். குடிச்சேன்னு அவன் சொல்லவே இல்ல, நீங்களா எழுதிக்கிட்டீங்க. மூணு வாரம் கழிச்சு என்னை மூப்பராக்கினீங்க. ரெண்டாவது கிண்ணம் யாரோடதுன்னு தங்கி கேட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டாவது கிண்ணம்தான் சுவானாவோடது. நான் தனியாக் குடிக்கக் கூடாதேன்னு எதிர்ல வந்து உட்கார்ந்தான்... அவன் கிண்ணத்துல இருந்தது டீ.