முதலாளியின் மெயில் ஐடி

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பட்டு நெசவாளரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் சட்டென்று கேட்டார்:

“உனுக்கு மார்ல கட்டி கீதுன்னு முதலாளி சொல்லித்தான் எனுக்குத் தெரியணுமா?”

“நான் யாராண்டயும் சொல்லலீங்க. போன்லதான் தேடிப் பார்த்தேன்.”

“பொடவை டிசைன் வர்றதுக்குன்னு அந்தப் போன்ல அவரு மெயில் ஐடியத்தானே போட்டுக்கீறோம்? நீ தேடுனதெல்லாம் அவருக்கும் போய்கினு கீது.”

அந்தம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“எல்லாத்தையும் படிச்சிட்டாரா?”

அதற்குள் அந்தப் போனே அடித்தது. நெசவாளர் எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

“முதலாளிதான். கண்ணமங்கலம் தாண்டிட்டீங்களான்னு கேக்குறாரு.”

“வேலூருக்குப் போறோம்னு சொன்னீங்களா?”

“இல்லியே. ஜொரம், ஊட்லயே படுத்துகினு கீறேன்னுதான் காலைல சொன்னேன்.”